பரிமாறும் கையும் வாடும் மனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்வாண்டு விழாவில் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தபோது, இலக்கியத் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று அன்புடன் கூறினர். நானோ ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா; பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவன். இலக்கியக் கடலில் இறங்கும் துணிவு எனக்கு இல்லை. எனினும் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல் என்பதையும், விருந்தினரின் முகவாட்டத்தை அனிச்ச மலரோடு சேர்த்து அங்கே வள்ளுவர் பேசுகிறார் என்பதையும் நாம் அனைவரும் அறிவோம். அதைப் படிக்கும்போதெல்லாம் சில ஆண்டுகளாக என் மனத்தில் ஒரு வினா எழுந்தவண்ணம் இருக்கிறது. வந்தவர் முகம் வாடாமல் காக்கிறவன் முகமே வாடினால், அதை நோக்குகிறவர் யார்?

வள்ளுவர் பேசியது இல்லறத்தானைப் பற்றி. நான் பேச வந்திருப்பது கூலிக்காக விருந்தோம்புகிறவர்களைப் பற்றி. ஓட்டலில் பரிமாறும் சப்ளையர், அடுப்படியில் நிற்கும் சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், டீ மாஸ்டர், மேஜை துடைக்கும் பையன், விடுதியில் அறை பெருக்கும் பெண், ரயிலில் சாப்பாடு கொண்டு வரும் பேன்ட்ரி கார் ஊழியர் ஆகிய இவர்களது மனநலம், குறிப்பாகப் பஞ்ச காலத்தில் அவர்கள் படும் பாடு, இதுவே என் பொருள்.

இப்பொருள் நமக்கு அயலானது அன்று. மும்பைக்கு வந்த தமிழரின் வரலாற்றில் பாதி, அடுப்படியின் வரலாறு. மாதுங்காவின் ஓட்டல்களில் காப்பி குடியாத தமிழர் இந்நகரில் உண்டோ? தாராவியில் விடியுமுன் அவித்த இட்லியைப் பாத்திரத்தில் ஏற்றிக்கொண்டு, சைக்கிள் மணியை அடித்தபடி தெருத்தெருவாய்ச் செல்லும் நெல்லைச் சீமைக்காரரைக் காணாத காலை உண்டோ? நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனாரோ பெரியப்பாவோ இத்தொழிலில் நின்றுதான் அடுத்த தலைமுறையைப் படிக்க வைத்தனர். இன்று நாம் அலுவலகங்களில் அமர்ந்திருக்கிறோம். அவர்கள் ஏறிய படியில் வேறொருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

அன்பர்களே, 2020ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 22ஆம் நாள் நாடெங்கும் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. மும்பையின் புறநகர் வண்டிகளும் அன்றோடு நின்றன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் முதல் நாளன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மகாராஷ்டிரத்தில் ஓட்டல்களில் அமர்ந்து உண்ண மறுபடி அனுமதி கிடைத்தது அக்டோபர் 5ஆம் நாள்தான். அதுவும் பாதி இருக்கைகளுக்கு மட்டும். ஆறு மாதத்திற்கு மேலாகப் பொட்டலம் கட்டும் வியாபாரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மூச்சு விடுவதற்குள் 2021 ஏப்ரலில் இரண்டாம் முறையும் அடைப்பு வந்தது. ரயில்களில் சமைத்த உணவு வழங்குவதோ எல்லா வண்டிகளிலும் பழைய நிலைக்கு வர 2022 பிப்ரவரி ஆயிற்று. அஃதாவது, பேன்ட்ரி கார் ஊழியர் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் தம் தொழிலை இழந்து நின்றார்.

தொழில் இழந்தவர் பலர் உண்டே, ஓட்டல்காரருக்கு மட்டும் தனித் துன்பமா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். ஓட்டல் தொழிலாளிக்கு ஓட்டல் என்பது வேலை செய்யும் இடம் மட்டுமன்று. அவன் உண்பதும் அங்கே. பல கடைகளில் இரவு படுப்பதும் அங்கேயே, மாடியிலோ கிடங்கிலோ, மேஜைகளை ஒதுக்கிய கூடத்திலோ. ஆகவே கதவு சாத்தப்பட்ட அன்று அவனுக்குச் சம்பளம் போயிற்று; சாப்பாடு போயிற்று; படுக்க இடமும் போயிற்று. வாடிக்கையாளர் தட்டில் வைத்துச் செல்லும் சில்லறையும் போயிற்று. குடும்பமோ ஊரில். மாதம் பிறந்தால் பணம் எதிர்பார்க்கும் மனைவி, மக்கள், வயதான பெற்றோர். ஊருக்குப் போகலாம் என்றால் ரயில் இல்லை; மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கிய பின்னும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்ற வெட்கம் காலைப் பிடித்தது.

அவ்வாண்டில் என் நிலை என்ன? மாதச் சம்பளம் ஒரு நாளும் தவறவில்லை. அகவிலைப்படி மூன்று தவணை நிறுத்தி வைக்கப்பட்டதற்கே எங்கள் அலுவலகத்தில் எவ்வளவு முணுமுணுப்பு எழுந்தது! அந்த முணுமுணுப்பில் என் குரலும் இருந்தது. இன்று அதை எண்ணி நாணுகிறேன்.

இனி, இத்தொழிலுக்கே உரிய மற்றொரு சுமையைச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்குகிறவன் தோளை விற்கிறான். எழுத்தன் கையை விற்கிறான். பரிமாறுகிறவனோ முகத்தையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கிறது. உள்ளே எரிந்தாலும் வெளியே சிரிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஏசினால் பொறுக்க வேண்டும். ஆர்லி ஹோக்சைல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அம்மையார், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில், உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் செய்யும் இவ்வேலையும் ஓர் உழைப்பே என்று நிறுவினார். உடலுழைப்பு உடலைத் தேய்ப்பது போல் இவ்வுழைப்பு உள்ளத்தைத் தேய்க்கிறது. இதனோடு, விடியுமுன் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை, நின்றபடியே கழியும் பொழுது, நடுப்பகலில் கிடைக்கும் அரைகுறைத் தூக்கம், ஊரார் அனைவருக்கும் விடுமுறையான பண்டிகை நாளில் இவர்களுக்கு மட்டும் இரட்டை வேலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி பெற்றே சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டா.

அலுவலகத்திற்கு அருகே உள்ள ஓட்டல் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகச் சிற்றுண்டி உண்டு வந்தேன். பரிமாறியவர் பெரும்பாலும் ஒருவரே. திருநெல்வேலிப் பக்கத்தவர், நான் அவரை "அண்ணாச்சி" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். எனக்குச் சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்பதை ஒரு நாளும் அவர் மறந்ததில்லை. 2020 ஜூன் 15 முதல் இன்றியமையாப் பணியாளருக்காகப் புறநகர் வண்டிகள் ஓடத் தொடங்கவே, நான் மறுபடி நாள்தோறும் அலுவலகம் செல்லலானேன். ஒரு நாள் மாலை, சாத்திய கடையின் படியில் அவர் உட்கார்ந்திருக்கக் கண்டேன். "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றேன். முகக்கவசத்திற்கு மேலே கண்கள் சிரித்தன. "நல்லா இருக்கேன் சார்! கடை திறக்கட்டும், உங்களுக்குச் சாம்பார் தனியா வைக்கிறேன்" என்றார். நானும் சிரித்துவிட்டு வண்டியைப் பிடிக்க விரைந்தேன். அதன் பின்னும் பல நாள் அவ்வழியே சென்றேன். நின்று பேசியதில்லை.

அக்டோபரில் கடை திறந்தது. பாதி ஆட்களையே மறுபடி அழைத்திருந்தனர். அவரைக் காணவில்லை. தோசை மாஸ்டரிடம் விசாரித்தேன். அவர் கல்லின் அனலைத் தணித்துவிட்டு வெளியே வந்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார்.

அண்ணாச்சி பல வாரமாக உறங்கவில்லை. இரவு முழுவதும் எழுந்து உட்கார்ந்து, தோளில் போடும் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஊரிலிருந்து மனைவி அழைத்தால் எடுப்பதில்லை. பணம் இல்லாமல் என்ன பேசுவது என்பார். பக்கத்தில் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சோறு வைத்தால் தொடுவதில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். உடன் தங்கியிருந்த தோசை மாஸ்டர் எழுத்தறிவு அதிகம் இல்லாதவர். ஆயினும் அவர் செய்ததை எந்த மருத்துவரும் மெச்சுவார். நேரே உட்கார்ந்து, "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா? ஒளிக்காம சொல்லு" என்று கேட்டார். அண்ணாச்சி குழந்தை போல் அழுதாராம். அன்றிரவு அவரைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மனநலப் பிரிவில் மருந்து கொடுத்தார்கள். மாதந்தோறும் வரச் சொன்னார்கள். சில வாரங்களில் தூக்கம் வந்தது. பிறகு பசி வந்தது.

நான் அவரைச் சென்று பார்த்தேன். அப்போது அவர் சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்து நிற்கிறது. "அன்னைக்கு நீங்க கேட்டப்பவே சொல்லிடணும்னு நினைச்சேன் சார். ஆனா பதினாலு வருஷமா உங்க முன்னால சிரிச்சே பழகிட்டேன்."

பதினான்கு ஆண்டுகள் அவர் கையால் உண்டவன் நான். அவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதுகூட அன்றுதான் எனக்குத் தெரியும். என் சாம்பார்க் கிண்ணம் அவர் நினைவில் இருந்தது. அவர் பெயர் என் நினைவில் இல்லை.

பெரியோர்களே, இது ஒருவர் கதை மட்டுமன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 1,53,052 பேர். அவர்களில் 37,666 பேர் தினக்கூலிகள். அடுத்த ஆண்டில் மொத்தம் 1,64,033, தினக்கூலிகள் 42,004. அஃதாவது, நான்கு பேரில் ஒருவர். அப்பட்டியலில் ஓட்டல் தொழிலாளருக்கெனத் தனிப் பத்தி இல்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு ஒன்று தெரியும்: பத்தி இல்லாத செலவு யார் கண்ணிலும் படுவதில்லை.

மனநோய் அரிதானது என்ற எண்ணமும் தவறு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக ஏதேனும் ஒரு மனநலக் குறையால் அவதியுறுகின்றனர். பெருநகரங்களில் இவ்விகிதம் மேலும் அதிகம். சிகிச்சை பெறாதவர் அளவோ நோய்க்கு நோய் வேறுபட்டு 70 முதல் 92 விழுக்காடு வரை செல்கிறது. காரணம் என்ன? மருத்துவர் குறைவு என்பது ஒன்று. "பைத்தியம் என்று பெயர் வந்துவிடும்" என்ற அச்சம் மற்றொன்று. இவ்வச்சத்தால் நோயாளியைப் பூட்டி வைத்த கொடுமையின் முடிவை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாண்டனர், இறந்தோர் இருபத்தெண்மர். அச்சாம்பலை நாம் மறத்தலாகாது.

அதன் பின் சட்டம் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் செலவில் நடைபெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அது கூறுகிறது. உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் கூறுகிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. ஆகவே போலீசுக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருத்தல் இனி வேண்டாதது.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, அறிகுறிகளை அறிதல். இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமின்றிச் சினம், ஊர் அழைப்பை எடுக்காதிருத்தல், குடி மிகுதல், தான் பிறருக்குப் பாரம் என்ற பேச்சு ஆகிய இவற்றைக் கண்டால் சோம்பல் என்றோ திமிர் என்றோ தள்ளிவிடலாகாது. குடி கவலையை மறக்கச் செய்யும் என்பர். அது தூக்கத்தைக் கெடுத்து, கவலையை வட்டியோடு திருப்பித் தரும்.

இரண்டாவது, கேட்டல். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது உண்மையன்று, அன்போடு நேரே கேட்டால் பாரம் குறைகிறது என்பதே மருத்துவர் கண்டது. அறிவுரை பிறகு சொல்லலாம், முதலில் கேளுங்கள். அபாயம் தெரிந்தால் தனியே விடாதீர்கள்.

மூன்றாவது, மருத்துவரிடம் சேர்த்தல். சயான், பரேல் ஆகிய இடங்களிலுள்ள மாநகராட்சிப் பெருமருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மேலும், மைய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் பேசலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். இந்தியிலும் மராத்தியிலும் சாப்பாட்டு ஆர்டர் எடுக்கத் தெரிந்தவனுக்கும், தன் துயரத்தைச் சொல்லத் தாய்மொழி வேண்டும் அன்றோ?

நான்காவது, வயிற்றின் வழியே மனத்தைக் காத்தல். கடனும் பட்டினியும் தீராமல் மருந்து மட்டும் போதாது. வெளியூரிலும் ரேஷன் பெற 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் உள்ளது. அமைப்புசாராத் தொழிலாளர் தம் பெயரைப் பதிவு செய்ய 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'இ-ஷ்ரம்' பதிவேடு உள்ளது. விண்ணப்பம் நிரப்புவது நமக்கு அன்றாட வேலை. அவர்களுக்கு அது மலை. நம் பேனாவை அரை மணி நேரம் கடன் கொடுத்தால் போதும்.

நம் சங்கத்தின் முன் பணிவோடு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் குடும்பத்தைப் பிரிந்து வாழும் தமிழ்த் தொழிலாளரின் பெயர், ஊர், உறவினர் தொடர்பு ஆகியவற்றை அவர்கள் இசைவோடு ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். இரண்டு, பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அவர்களுக்குச் சற்று ஓய்வு; வாரத்தில் ஒரு நாள் அந்நேரத்தில் நம் படிப்பகத்தைத் திறந்து வைத்து, ஒருவர் உடனிருப்போம். மூன்று, விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றை நிறுவுவோம். 2020இல் அப்படி ஒரு நிதி இருந்திருந்தால், ஊரிலிருந்து வந்த அழைப்பை அண்ணாச்சி எடுத்திருப்பார்.

அவர் இப்போது நலமாக இருக்கிறார். 2021 ஏப்ரலில் கடை மறுபடி அடைக்கப்பட்டபோது நானே பதறி அவரைத் தேடிச் சென்றேன். "பயப்படாதீங்க சார். இந்தத் தடவை முதல் நாளே வீட்டுக்காரிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். பணம் வராட்டா பரவாயில்லை, தினமும் பேசினாப் போதும்னுட்டா" என்றார். அவர் அப்போது சிரிக்கவில்லை. என்னிடம் சிரிக்காமல் பேசியது அதுவே முதல் முறை. அதைவிட இனிய உபசாரத்தை நான் பெற்றதில்லை.

அன்பர்களே, இன்னும் சிறிது நேரத்தில் நாம் பந்தியில் அமரப் போகிறோம். காலை நான்கு மணி முதல் இம்மண்டபத்தின் பின்கட்டில் ஒன்பது பேர் நமக்காகச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாயசத்தைப் புகழ்வதற்கு முன்னால், அதைப் பரிமாறுகிறவரின் பெயரைக் கேளுங்கள். "நீங்கள் சாப்பிட்டாயிற்றா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.